மருந்துப் பதிவேட்டின் காலிக் கட்டங்கள்

வயது வந்தோர் பராமரிப்பு இல்லத்தை நிர்வகிக்கிறேன். உரிம ஆய்வுக்கு வந்த அதிகாரி முதலில் கேட்டது மருந்துப் பதிவேட்டைத்தான். மாத்திரைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒவ்வொரு வேளை மருந்துக்கும் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டிய கட்டங்கள்தான் அங்கங்கே காலி. ஷிப்ட் முடிவில் மொத்தமாகக் கையெழுத்துப் போடும் பழக்கமே காரணம்.

பதிவேட்டை மருந்து அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மருந்து கொடுத்தவரே உடனே கையெழுத்திட வேண்டும். இல்லத்தில் இருப்பவர் மருந்து வேண்டாம் என்று மறுத்தால் நேரத்துடன் அதையும் எழுதி, மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் தரும் வலி மாத்திரைக்கு, ஏன் கொடுத்தோம், பிறகு வலி குறைந்ததா என்பதும் வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

அப்புறம், ஷிப்ட் மாறும்போது வேலை முடித்துப் போகிறவரும் அடுத்து வருகிறவரும் சேர்ந்து ஏட்டைப் பார்க்கிறார்கள். பழைய கட்டங்களை நிரப்பச் சொல்லவில்லை. அது பொய்ப் பதிவு. விடுபட்டவற்றை அப்படியே குறித்து, திருத்தத் திட்டத்தைத் தேதியுடன் அதிகாரியிடம் கொடுத்தேன்.