சிவப்பு ஒயின்: சட்டிக்குப் பாதி, கோப்பைக்கு மீதி

நம்மூரில் ‘ஒயின் ஷாப்’ என்று பலகை தொங்கும் கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். தேடிப்பிடித்து ஒரு புட்டி சிவப்பு ஒயின் வாங்கினாலும் ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்ததோடு சரி. மிச்சம் பிரிட்ஜ் கதவிலேயே நின்று புளித்துப்போகும். அந்த மிச்சத்துக்கு அடுப்பிலும் வேலை இருக்கிறது, கோப்பையிலும் வேலை இருக்கிறது.

அடுப்பில் அதைச் சரக்காக நினைக்காமல் புளிக்கரைசலாக நினைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. புளிக்குழம்புக்குத் தெரிந்த விதிகள்தான்: பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும், சுண்டச் சுண்டப் புளிப்பு ஏறும், உப்பைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும், அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஒயினில் கூடுதலாக இருப்பது துவர்ப்பு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின்தான் அது. வாழைப்பூவிலும் கட்டித் தேநீரிலும் நாக்கைப் பிடித்து இழுக்கிறதே, அதே பிடிப்பு. சமைக்கும்போது தண்ணீரும் ஆல்கஹாலும் ஆவியாகும்; புளிப்பும் துவர்ப்பும் சட்டியிலேயே தங்கிச் செறியும். ஒயினில் வரும் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

எந்தப் புட்டி?

இனிப்பில்லாத, துவர்ப்பு குறைந்த ஒயினாக எடுங்கள். பினோ நுவார், மெர்லோ, கார்னாஷா என்ற திராட்சை வகைகளில் செய்தவை இதற்குத் தோது. நாசிக்கிலிருந்தும் பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலைப் பகுதியிலிருந்தும் வரும் இந்திய ஒயின்களில் ஷிராஸ், காபர்நே சோவின்யான் வகைகளைத்தான் அதிகம் பார்க்கலாம். ஷிராஸ் சமையலுக்கு நன்றாகவே வரும். காபர்நே என்றால், அதுவும் ‘ரிசர்வ்’ என்று எழுதி ஓக் பீப்பாயில் வைத்தது என்றால், சுண்டவைக்கும்போது கசக்கும். விலை கூடின புட்டி சட்டிக்குத் தேவையில்லை. நுணுக்கமான மணமெல்லாம் கொதியில் போய்விடும். ஆனால் வாயில் வைக்க முடியாத ஒயின், சுண்டிய பிறகு இன்னும் மோசமாகும்.

கோவாவின் ‘போர்ட்’ ஒயினும், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினும் நல்ல இனிப்பு. இறைச்சியில் ஊற்றினால் குழம்பு ஜாம் மாதிரி ஆகிவிடும். பழம் வேகவைக்க மட்டும் எடுத்துவையுங்கள். ‘குக்கிங் ஒயின்’ என்று விற்பதில் பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள். சுண்டினால் உப்புக்கரிக்கும், வேண்டாம்.

பாத்திரம் எவர்சில்வர், எனாமல் பூசியது, அல்லது நான்ஸ்டிக். வெறும் அலுமினியமும் சரியாகப் பழக்காத இரும்புச் சட்டியும் ஒயினின் அமிலத்தில் கரைந்து, உலோகச் சுவையையும் சாம்பல் நிறத்தையும் தரும்.

பர்கண்டி முறையில் இறைச்சிக் குழம்பு

பிரான்சின் பர்கண்டிக்காரர்கள் மாட்டிறைச்சியில் செய்வது. ஆட்டின் தோள்கறியிலும் இதே முறை பலிக்கும். நான்கைந்து பேருக்கு அளவு: கொழுப்பும் நாரும் உள்ள இறைச்சி 1 கிலோ (4 செ.மீ. துண்டுகள்), ஒயின் 500 மி.லி., உப்புப் போடாத எலும்புச் சாறு 400 மி.லி., பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) 100 கிராம், பெரிய வெங்காயம் 1, கேரட் 2, பூண்டு 4 பல், மைதா 2 டேபிள்ஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், தைம் கொஞ்சம், பே இலை 1, சின்ன வெங்காயம் 15, பட்டன் காளான் 200 கிராம். நம் பிரியாணி இலை வேறு மரத்து இலை. பட்டை வாசம் அடிக்கும். பே இலை கிடைக்காவிட்டால் சும்மா விட்டுவிடலாம்.

இறைச்சியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். ஈரத்தோடு போட்டால் வதங்காது, வேகும். பேக்கனை வதக்கி எடுத்து, அந்தக் கொழுப்பிலேயே இறைச்சியை மூன்று ஈடாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் நல்ல பழுப்பேறும் வரை விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சட்டி சூடிறங்கித் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பழுப்பு வராது. பிறகு வெங்காயம், கேரட், பூண்டு. அவை வதங்கியதும் தக்காளி பேஸ்டை நிறம் மாறும்வரை பிரட்டி, மைதாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறுங்கள்.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டு ஒயினை ஊற்றுங்கள். எரியும் கேஸ் அடுப்பின் மேல் சூடான சட்டியில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவி குப்பென்று பற்றும். புட்டியிலிருந்து நேராகச் சரிக்காமல் ஒரு குவளையில் அளந்து ஊற்றுவது நல்லது. திரும்பப் பற்றவைத்து, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். குழம்பின் ருசி அங்கேதான் இருக்கிறது. மூடாமல் 10 முதல் 12 நிமிடம், ஒயின் பாதியாகும்வரை கொதிக்க வேண்டும். முகர்ந்து பார்த்தால் மூக்கில் ஏறும் காரம் போய், வெந்த திராட்சை வாசம் வர வேண்டும். அதற்கு முன் எலும்புச் சாற்றை ஊற்றாதீர்கள். ஊற்றினால் அந்தப் பச்சை வாசனை சாப்பிடும்வரை கூடவே வரும்.

எலும்புச் சாறு, பேக்கன், இலைகள், இறைச்சி எல்லாம் சேர்ந்த பிறகு, மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்து, சிம்மில் இரண்டரை மணி நேரம். அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் நார் இறுகி, வெந்தும் வறண்ட இறைச்சியாகும். சின்ன வெங்காயத்தையும் காளானையும் வெண்ணெயில் தனியாக வதக்கி, கடைசி 20 நிமிடத்தில் சேருங்கள். முதலிலேயே போட்டால் காளான் ஊதா நிறத்தில் ரப்பராகிவிடும்.

குக்கரில் செய்பவர்கள் ஒரு படியை மட்டும் தாண்டக் கூடாது: ஒயினை மூடி போடாமல் பாதியாகச் சுண்டவைத்த பிறகே குக்கரை மூட வேண்டும். மூடிய குக்கரில் ஆல்கஹாலுக்குப் போக வழியில்லை. எலும்புச் சாறு 250 மி.லி. போதும். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் ஆட்டுக்கறிக்கு 20 முதல் 25 நிமிடம், மாட்டிறைச்சிக்கு 35 நிமிடம்.

ருசி பாருங்கள். புளிப்பு தூக்கினால் ஒரு சிட்டிகை சர்க்கரையும் 20 கிராம் வெண்ணெயும். கசந்தால் சிட்டிகைச் சர்க்கரை அதை மூடாது. உப்பும் கொழுப்பும்தான் ஓரளவு அடக்கும். பால், தயிர், மெல்லிய க்ரீம் ஊற்றிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். அமிலமும் டானினும் சேர்ந்து பாலைத் திரிக்கும், நிறமும் கழுவுநீர் மாதிரி ஆகிவிடும். மறுநாள் இன்னும் ருசிக்கும் குழம்பு இது, மீன்குழம்பைப் போல.

மீன் என்றதும் ஒன்று: சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கூட்டும். மீனுக்கு வெள்ளை ஒயின்தான்.

பத்து நிமிட சாஸ்

சாப்ஸோ ஸ்டேக்கோ வறுத்தெடுத்த அதே வாணலியில், மிதமிஞ்சிய கொழுப்பை வடித்துவிட்டு, பொடியாக நறுக்கிய 3 சின்ன வெங்காயத்தை வதக்குங்கள். அடுப்பை அணைத்து 150 மி.லி. ஒயின், திரும்பப் பற்றவைத்து 3 டேபிள்ஸ்பூன் ஆகும்வரை சுண்டவிடுங்கள். 150 மி.லி. எலும்புச் சாறு ஊற்றி மறுபடி பாதியாக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கியபின், பிரிட்ஜிலிருந்து எடுத்த 30 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு வாணலியைச் சுழற்றினால் சாஸ் பளபளப்பாகத் திரளும். கொதிக்கும்போது வெண்ணெயைப் போட்டால் எண்ணெயாகப் பிரிந்து நிற்கும்; ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு வேகமாக அடித்துப் பார்க்கலாம், சில நேரம் கூடிவரும்.

ஒயினில் வெந்த பேரிக்காய்

கெட்டியான பேரிக்காய் 4, தோல் சீவிக் காம்போடு. ஒயின் 500 மி.லி., சர்க்கரை 120 கிராம் (போர்ட் ஒயின் என்றால் 40 போதும்), பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, ஆரஞ்சுத் தோல் ஒரு பட்டை. பழம் முழுகும் அளவுக்குக் குறுகிய பாத்திரமாக எடுங்கள். அகலப் பாத்திரத்தில் பாதிப் பழம் வெள்ளையாக நிற்கும். மெல்லிய கொதியில் 25 முதல் 35 நிமிடம், கத்தி நுனி தடையின்றி இறங்கும்வரை. அந்தச் சாற்றிலேயே ஓர் இரவு ஊறினால்தான் நிறம் உள்ளே பிடிக்கும். மறுநாள் பழத்தை எடுத்துவிட்டுச் சாற்றை மூன்றில் ஒரு பங்காகக் காய்ச்சுங்கள். சூட்டில் இளகிய தேன் போலத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும், ஆறினால் இறுகும்.

ஒயின் சாக்லேட் கேக் சுடுபவர்களுக்கு: சமையல் சோடா அதிகமானால் ஒயினின் சிவப்பு நீலச் சாம்பலாக மாறும். சோடா அமிலத்துக்கு எதிரான காரம்; அதில் அந்த நிறமி அப்படித்தான் நடந்துகொள்ளும். பேக்கிங் பவுடர் பாதுகாப்பு.

ஆல்கஹால் எல்லாம் போய்விடுமா?

போகாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கிளறிக்கொண்டே 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5. தீப்பற்றவைத்து எரிய விடும் வித்தையில் 75 சதவீதம் அப்படியே இருக்கும். மார்க்கக் கட்டுப்பாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடியை நிறுத்தியவர்கள், குழந்தைகள் பந்தியில் இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், அல்லது ஒயினை விட்டுவிடுங்கள். 240 மி.லி. ஒயினுக்குப் பதில் 220 மி.லி. எலும்புச் சாறும் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் ஒரு டேபிள்ஸ்பூன் கறுப்புத் திராட்சைச் சாறும் ஊற்றினால் குழம்பு நிற்கும். சுவை அதே ஆகாது, ஆனால் குறையாகவும் தெரியாது.

கோப்பைக்கு

கலக்கும்போது கணக்கு மாறுகிறது. இங்கே எதுவும் சுண்டாது. ஆனால் குளிர்ச்சி துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். ஆகவே ஐஸ் போடும் பானங்களுக்கும் மெல்லிய, பழ வாசமுள்ள ஒயினே சரி.

சங்ரியா ஸ்பெயினும் போர்ச்சுகலும் உரிமை கொண்டாடும் பானம். 2014-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி மற்ற நாடுகளில் தயாரிப்பதை வெறுமனே ‘சங்ரியா’ என்று பெயரிட்டு விற்க முடியாது. வீட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஒயின் 750 மி.லி., பிராந்தி 60 மி.லி., இரண்டு ஆரஞ்சின் சாறு, துண்டு போட்ட ஆப்பிள் 1, வட்டமாக நறுக்கிய ஆரஞ்சு அரைப்பழம், சர்க்கரை 50 கிராம். சர்க்கரையை அவ்வளவே வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து ஊற்றுங்கள். குளிர்ந்த ஒயினில் நேராகப் போட்டால் அடியிலேயே கிடக்கும். பிரிட்ஜில் 4 மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் ஆரஞ்சின் வெள்ளைத் தோல் கசப்பை இறக்கும். பரிமாறும் நிமிடத்தில் 250 மி.லி. குளிர்ந்த சோடா. பழரசம் போல இறங்கும், ஏமாறாதீர்கள்: இந்த அளவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 10 சதவீதம் ஆல்கஹால் வரும், ஸ்ட்ராங் பீரைவிடக் கூடுதல்.

நாலு பேர் திடீரென்று வந்து நின்றால் தின்தோ தே வெரானோ. ஸ்பெயினின் கோடைப் பானம். உயரமான தம்ளர் நிறைய ஐஸ், ஒயின் பாதி, எலுமிச்சைச் சுவையுள்ள சோடா பாதி. சங்ரியாவைவிட இதுவே மேல் என்று தோன்றும் நாட்கள் உண்டு, முக்கியமாக மே மாதத்தில். சோடாவுக்குப் பதில் கோலா என்றால் அது ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் நாட்டுக் கலிமோச்சோ. 1972-ல் கெச்சோ ஊர்த் திருவிழா ஒன்றில், கெட்டுப்போன ஒயினைச் செலவழிக்கக் கோலாவைக் கலந்ததில் இந்தப் பெயர் பிறந்ததாகச் சொல்வார்கள். சரிபாதிதான் அளவு, கூடவே ஒரு எலுமிச்சைத் துண்டு. முகம் சுளிக்கும் சேர்க்கைதான், ஆனால் நேற்றுத் திறந்த மலிவு ஒயினை இதைவிட நன்றாக மறைப்பது வேறில்லை.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குளிர் இரவென்றால் ஜெர்மானியரின் க்ளூவைன். 150 மி.லி. தண்ணீரில் 80 கிராம் சர்க்கரை, பட்டை 2, கிராம்பு 5, அன்னாசிப்பூ 1, ஆரஞ்சுத் தோல் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு 750 மி.லி. ஒயினை ஊற்றி, ஆவி எழும்வரை மட்டும் சூடாக்குங்கள். 75 டிகிரிக்குள் நிற்கட்டும். மசாலாவையும் ஒயினையும் சேர்த்தே கொதிக்கவைத்தால் சாரம் இறங்குவதற்குள் ஒயின் செத்துவிடும். பொடித்த மசாலா வேண்டவே வேண்டாம், கலங்கும், தொண்டையில் உறுத்தும்.

நியூயார்க் சவர் கொஞ்சம் கைவேலை. விஸ்கி 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரையும் தண்ணீரும் சமபங்காகக் கரைத்த பாகு 20. ஐஸோடு குலுக்கி, புது ஐஸ் நிரம்பிய தம்ளரில் வடிகட்டுங்கள். மேலே ஒரு ஸ்பூனின் பின்புறத்தில் படும்படி 15 மி.லி. ஒயினை மெதுவாக வழியவிட்டால் சிவப்பு தனி அடுக்காக மிதக்கும். பாகு கலந்த கீழ்ப்பகுதி கனம், இனிப்பில்லாத ஒயின் லேசு. இனிப்பு ஒயினை ஊற்றினால் அடுக்கு நிற்காமல் மூழ்கும்.

மிச்சம்

திறந்த புட்டியை மூடி, நிமிர்த்தி, பிரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள். சின்ன புட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடினால் காற்றுக்கு இடமில்லாமல் இன்னும் சில நாள் கூடும். வினிகர் நெடியோ நகப்பூச்சு அழிப்பான் நெடியோ வந்தால் கோப்பைக்கு ஆகாது, சாஸுக்கும் ஆகாது. ஈர அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் தக்கை கெடுத்த ஒயின், கொட்டிவிடுங்கள். அதற்கெல்லாம் முன்னால், ஐஸ் தட்டில் ஊற்றி ப்ரீசரில் வையுங்கள். ஒரு குழியில் எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று ஒரு முறை தண்ணீரால் அளந்து தட்டின் பின்னாலேயே எழுதிவிட்டால், அடுத்த முறை சாஸுக்கு 150 மி.லி. வேண்டும்போது கட்டிகளை எண்ணிப் போட்டால் போதும். உறைந்த கட்டியைச் சூடான எண்ணெயில் போட வேண்டாம், தெறிக்கும். ஒரு கிண்ணத்தில் உருகவிட்டு ஊற்றுங்கள்.