ஸ்பெயின் பயணத்துக்கு வேண்டிய ஸ்பானியச் சொற்களைக் கற்கும் முறை

சுற்றுலாவுக்காக ஸ்பானிய மொழி கற்பவர்கள் பெரும்பாலும் கேள்விகளையே மனப்பாடம் செய்கிறார்கள். ‘தோந்தே எஸ்தா எல் முசேயோ?’, அதாவது அருங்காட்சியகம் எங்கே என்று கேட்பது எளிது. எதிரில் நிற்பவர் மடமடவெனச் சொல்லும் பதில் புரியாவிட்டால் கேட்டும் பயனில்லை. ஆகவே பதிலில் வரக்கூடிய சொற்களிலிருந்தே தொடங்குங்கள். தெரேச்சா (வலது), இஸ்கியெர்தா (இடது), தோதோ ரெக்தோ (நேராக), ஸெர்கா (அருகில்), லேஹோஸ் (தொலைவில்) ஆகியவற்றை, அன்றாடம் நடக்கும் தெருவில் திரும்பும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் விரைவில் மனத்தில் பதியும்.

அடுத்தது எண்கள். கட்டணம், நேரம், நடைமேடை எல்லாமே எண்களாகத்தான் காதில் விழும் என்பதால், இதற்கு மற்ற எதையும்விட அதிக நேரம் ஒதுக்கலாம். அறுபது ‘செசெந்தா’, எழுபது ‘செதெந்தா’; ஓர் எழுத்தே வேறுபடும் இந்த இரண்டையும் ஒருவர் மாற்றி மாற்றிச் சொல்ல, நீங்கள் கேட்டு இலக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அறிவிப்புப் பலகைகளுக்குச் சில சொற்களே போதும்: சாலிதா (வெளியேறும் வழி), தகீயா (சீட்டு விற்குமிடம்), அசேயோஸ் (கழிப்பறை), ஸெர்ராதோ (மூடப்பட்டுள்ளது). ‘எந்த்ராதா’ நுழைவாயிலையும் குறிக்கும், நுழைவுச் சீட்டையும் குறிக்கும். ரயில் சீட்டுக்கு ஸ்பெயினில் ‘பியேத்தே’ என்பார்கள். கிழமைப் பெயர்களையும் விட்டுவிட வேண்டாம். மாட்ரிடின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால், ‘மார்தெஸ்’ என்ற சொல் தெரியாதவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். கிரனாடாவின் அல்ஹம்ப்ராவில் நஸ்ரித் அரண்மனைகளுக்கான சீட்டில் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும்; அங்கே ‘ஓரா’ (மணி) என்ற சொல் கண்ணில் படவேண்டும்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஓர் அனுகூலம் உண்டு: ஸ்பானிய ‘த’ நம் தகரத்தைப் போலப் பல்லைத் தொட்டே ஒலிக்கிறது, ‘ஞ’ ஒலியும் நமக்குப் பழக்கமானதே. இங்கு ‘ஸெ’ என்று எழுதியுள்ள ஒலியை ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கின் நுனியைப் பற்களிடையே வைத்து ஒலிப்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் அப்படியில்லை. எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். காதைத்தான் இரண்டுக்கும் பழக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பதில் புரியவில்லையென்றால், ‘மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்’ என்று மெதுவாகப் பேசும்படி கேட்கலாம். எண்ணில் குழப்பமென்றால், ‘மே லோ எஸ்க்ரீபே?’ என்று கேட்டு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டுங்கள், எழுதித் தருவார்கள்.