நர்சிங்: புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நர்சிங் சேர நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கட்டணத்தையும் கட்டடத்தையும்தான். ஆனால் அங்கே படித்தால், செவிலியர்களைப் பதிவு செய்யும் அமைப்பான நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. பட்டம் வேறு, பதிவு வேறு. பதிவு இல்லாவிட்டால் செவிலியராக வேலை செய்ய முடியாது. 'அங்கீகாரம் பெற்றது' என்ற விளம்பர வரியை நம்பாமல், நீங்கள் சேரப்போகும் படிப்பு, சேரும் ஆண்டில், கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அப்புறம், மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனை எது என்று கேளுங்கள். நோயாளிகள் குறைவாக வரும் இடத்தில் நோட்டுப் புத்தகம்தான் நிறையும், கை பழகாது.

வார்டுக்குப் போகும் முன் ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகவும் தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசியை முடிக்காமல் விடுவது இன்னொரு தவறு. வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசி, முடிய ஆறு மாதம் ஆகும். பயிற்சி தொடங்கும் வாரத்தில் நினைவு வந்தால் பயனில்லை.

வார்டில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு எது தெரியுமா? சுவாசத்தை எண்ணாமலே எழுதுவது. பல வார்டுகளில் சார்ட்டைப் புரட்டினால் எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20. பிபிக்கும் நாடிக்கும் கருவி இருக்கிறது. சுவாசத்தை எண்ண ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அதனால்தான். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல்நிலை மோசமாகும்போது பல நேரம் பிபி இறங்குவதற்கு முன்பே சுவாசம்தான் ஏறும். 26 இருக்க வேண்டிய இடத்தில் 18 என்று எழுதினால், டாக்டரை அழைக்க வேண்டிய சில மணி நேரம் அப்படியே போய்விடும். எண்ணப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்த்த கையை விடாமல், முழு நிமிடம் நெஞ்சின் அசைவைப் பாருங்கள்.

மருந்தில் புதியவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தசமப் புள்ளி. 1.0 என்று எழுதினால் அவசரத்தில் 10 ஆகத் தெரியும்; .5 என்பது 5 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம், புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம் வேண்டும். இன்சுலினைச் சாதாரண சிரிஞ்சில் எடுக்கவே கூடாது. வழக்கமான யு-100 வகையில் ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிறது. 10 யூனிட் என்பது 0.1 மில்லிதான்; கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. போனில் சொன்ன ஆர்டரை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, 'சரி' என்று கேட்ட பிறகே மருந்தை எடுங்கள். சீனியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வது இந்த வேலைக்கு ஆகாது. கொடுக்கும் முன்பே சார்ட்டில் 'கொடுத்தாயிற்று' என்று குறித்து வைக்கும் பழக்கமும் அப்படித்தான். இடையில் நோயாளி ஸ்கேனுக்குப் போய்விட்டால் அந்த டோஸ் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். அப்படியே கூர்பொருள் டப்பாவில் போடுங்கள். குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைத்து, வீட்டுக்குப் போய் யோசிப்பவர்கள் உண்டு. எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள் என்ற சான்றைக் கல்லூரி முடிக்கும்போதே வாங்கி வையுங்கள். பல நாடுகளின் பதிவு அமைப்புகள் அதைக் கேட்கும்.

முதல் வேலையைச் சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிடிக்காதீர்கள். இன்டர்வியூவில் மூன்று கேள்வி கேளுங்கள்: சீனியரோடு சேர்த்து எத்தனை வாரம் விடுவீர்கள், இரவு ஷிப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், தனியாக விடும் முன் யார் என் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடுவார்? 'நாளைக்கே சேர்ந்துகொள்ளுங்கள், போகப் போகப் பழகிவிடும்' என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.