ஆர்.சி. ஸ்கூல்ல மறைக்கல்விக்கு மார்க் போடுறது எப்படி

மறைக்கல்விக்கு, அதாவது கத்தோலிக்க மத பாடத்துக்கு, வாரத்துக்கு ஒரு பீரியட்தான், அதையும் போர்ஷன் முடியலன்னு கணக்கு சார் வந்து கேட்டு வாங்கிட்டு போயிடுவாரு, இதுல எங்க பாடம் நடத்தி எங்க தேர்வு வைக்கிறதுன்னு புதுசா வர்ற டீச்சருங்க கேக்குறாங்க. எய்டட் ஸ்கூல்ல பல வருஷமா இத எடுக்குறேன், எனக்கு கைகொடுத்தத சொல்றேன்.

ஜூன்லயே பெற்றோர் சம்மதம் வாங்கிடுங்க. அரசு உதவி வாங்குற ஸ்கூல்ல சம்மதம் இல்லாம யாரையும் மத போதனைல உக்கார வைக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டம் 28(3) சொல்லுது, பிள்ளைங்க மைனர்ங்கறதால பெத்தவங்கதான் சம்மதிக்கணும். ஃபார்ம்ல கையெழுத்து வாங்குறதோட நிறுத்தாம பெற்றோர் கூட்டத்துலயும் வாயால சொல்லுங்க. கத்தோலிக்க பிள்ளைங்க மறைக்கல்விக்கு, மத்தவங்க நன்னெறிக்குன்னு பிரிக்கறப்போ ரெண்டு வகுப்புக்கும் டீச்சர் இருக்காங்களான்னு பாருங்க, நன்னெறி பசங்கள மரத்தடில சும்மா உக்கார வைக்கிறது ரொம்ப தப்பு.

அப்புறம் பருவத்துக்கு பத்து பீரியட் கிடைக்கும்னு வச்சு ஆறே பாடம் எடுங்க, அத தேதி போட்டு எழுதி எச்.எம். கிட்ட ஒரு காப்பி குடுங்க. பேப்பர்ல இருந்தா பீரியட் அவ்வளவு சுலபமா பறிபோகாது.

இப்ப மார்க். இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க. பூசைக்கு வந்தது, ஜெபமாலை சொன்னது, பாவசங்கீர்த்தனம் பண்ணது, இதுக்கெல்லாம் மார்க் போடவே போடாதீங்க. நான் முதல்ல ஞாயிறு பூசை வருகைக்கு 10 மார்க் வச்சிருந்தேன், அந்த மார்க்குல கடைசியா வந்த பையன் ஞாயித்துக்கிழமை விடியக்காலைல அம்மாகூட மீன் மார்க்கெட்ல கூடை தூக்குறவன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. அன்னைக்கே அந்த 10 மார்க்க எடுத்துட்டேன், இன்னும் மனசு உறுத்துது. விசுவாசத்த அளக்குற அளவுகோல் நம்மகிட்ட இல்ல, பிள்ளை என்ன புரிஞ்சுக்கிட்டான்னு மட்டும்தான் நம்மால பாக்க முடியும்.

2012-13ல முப்பருவ முறை வந்தப்போ 8ம் வகுப்பு வரைக்கும் வளரறிக்கு (வகுப்புல அப்பப்போ பாத்து போடுறது) 40, தொகுத்தறிக்கு (பருவக் கடைசி தேர்வு) 60னு பிரிச்சாங்கல்ல, அதே கணக்க இங்கயும் எடுத்துக்கலாம். 40க்கு குழுவா நடிச்சு காட்டுறது, நோட்டு, வாய்மொழி கேள்வி. 60க்கு எழுத்துத் தேர்வு, அதுல பாதியாவது மனப்பாடம் பண்ணி எழுத முடியாத கேள்வியா இருக்கணும்.

நல்ல சமாரியர் உவமை, இயேசு சொன்ன கதை: வழில அடிபட்டு கிடந்தவன குருவும், கோயில் ஊழியம் பண்ற லேவியரும் பாத்தும் விலகிப் போக, ஒரு சமாரியர்தான் நின்னு உதவுவாரு. "நல்ல சமாரியர் உவமையை எழுதுக"ன்னு கேட்டா முப்பது பேப்பரும் ஒரே மாதிரி வரும். நான் 7ம் வகுப்புல இப்படி கேட்டேன்: "குருவும் லேவியரும் ஏன் விலகிப் போயிருப்பாங்க? நீ அந்த வழில போயிருந்தா உன்ன எது தடுத்திருக்கும்?" ஒரு பொண்ணு "பஸ் போயிடும்னு பயந்திருப்பேன், அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான்"னு எழுதியிருந்தா. உவமை அவளுக்குள்ள போயிடுச்சுன்னு அந்த ஒரு வரிலயே தெரிஞ்சது, முழு மார்க் போட்டேன். நல்லவளா காட்டிக்கிட்டு எழுதுற பதிலுக்கு மட்டும் மார்க் குடுத்தா பசங்க பொய் எழுதத்தான் பழகுவாங்க. காரணம் சொல்லியிருக்கா, கதைல ஒரு விஷயத்தயாவது, சமாரியர் சத்திரக்காரர்கிட்ட குடுத்த ரெண்டு தெனாரியம் காசு மாதிரி, பிடிச்சு எழுதியிருக்கான்னு பாத்து திருத்துங்க.

ரேங்க் கார்டுல இந்த மார்க்க டோட்டல்ல சேக்காதீங்க. தனியா ஒரு கிரேடு, பக்கத்துல ஒரு வரி. "கேள்வி கேட்க பயப்படுவதில்லை, அடுத்தவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்கிறாள்", இந்த மாதிரி.