குளிர்நாட்டில் அத்தி பழுக்க வேண்டுமா?

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் அத்தி வளர்ப்பவர்கள் மனம் உடைவது இலையுதிர் காலத்தில்தான். மரம் நிறையக் காய் இருக்கும்; ஒன்றும் பழுக்காது. அக்டோபர் இறுதியில், கோலிக்குண்டைவிடப் பெரிதாக நிற்கும் பச்சைக் காய்களைத் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். அவை பனிக்காலத்தைத் தாண்டாது. கிளை நுனியில் பட்டாணி அளவில் ஒட்டியிருக்கும் பிஞ்சுகளை மட்டும் தொடவே தொடாதீர்கள். அடுத்த ஆகஸ்ட், செப்டம்பரில் பழமாவது அவைதான்! கடும் உறைபனி நாட்களில் அந்த நுனிகளைத் துணியால் போர்த்தி வையுங்கள்.

‘பிரவுன் டர்க்கி’ வகை இந்தக் குளிருக்கு நம்பகமானது. தெற்கு பார்த்த சுவரோரம், சுமார் 45 செ.மீ. தொட்டியில் வேரை நெருக்கி வளர்த்தால் தழை குறைந்து காய் கூடும். ஜூனில் புதுத் தளிர்களை ஐந்தாறு இலைகளோடு நிறுத்திக் கிள்ளுங்கள். கையுறை அவசியம், அத்திப்பால் பட்ட தோல் வெயிலில் புண்ணாகும்.

பறிக்க அவசரமே வேண்டாம். காயாகப் பறித்தால் பிறகு இனிப்பு ஏறாது. காம்பு தளர்ந்து பழம் தலை கவிழ வேண்டும், தோலில் மெல்லிய வெடிப்பு விழ வேண்டும், பழத்தின் அடியிலுள்ள சிறு துளையான அடிக்கண்ணில் ஒரு துளி தேன்போலக் கசிய வேண்டும். அந்தத் துளியைக் கண்ட அன்றே பறித்துவிடுங்கள். மறுநாள் குளவிகள் முந்திக்கொள்ளும்.