பானட்டில் வெள்ளை வட்டங்கள்

கருப்பு காரின் பானட்டில் வெள்ளை வட்டங்கள். வாக்ஸ் போட்டால் மறையும். இரண்டு நாள் வெயிலில் நின்றதும் திரும்ப வரும். ஷாம்பூ, பாலிஷ், புது மைக்ரோஃபைபர் துணி எல்லாம் பார்த்தாயிற்று. நான்கு நாள் வீண், தோள்வலிதான் மிச்சம்.

கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவியபோதுதான் பிடிபட்டது. வெறும் விரலுக்கு வழவழப்பு; பையோடு தடவினால் வட்டங்கள் மட்டும் சொரசொரப்பு. போர்வெல் தண்ணீரின் உப்பு! கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டது நான்தான்.

வெள்ளை வினிகரும் ஆர்.ஓ. தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், பானட் சூடில்லாதபோது, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்தேன். காய்வதற்குள் அலசிவிட்டேன். வினிகரில் பழைய வாக்ஸும் போய்விடலாம் என்பதால், அப்புறம் மெல்லிசாக ஒரு கோட் வாக்ஸ். வட்டங்கள் திரும்பவில்லை.