பூங்காவை அவசரமாக மூடும்போது ஊழியர்கள் செய்யக் கூடாத தவறுகள்

பொழுதுபோக்குப் பூங்காவைத் திடீரென மூட வேண்டி வந்தால் பலரும் முதலில் செய்வது, வந்தவர்களை எல்லாம் கேட்டை நோக்கி விரட்டுவது. பெரிய தவறே அதுதான். தீ, வாயுக் கசிவு என்றால் ஆட்களை உடனே அப்புறப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் நிலநடுக்கத்திலும் புயலிலும் வெளியே நிலைமை பூங்காவுக்குள் இருப்பதைவிட மோசமாக இருக்கலாம்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானை நிலநடுக்கம் உலுக்கியபோது டோக்கியோ டிஸ்னிலேண்ட், டிஸ்னிசீ பூங்காக்கள் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். ரயில்கள் நின்றுவிட்டன. பூங்கா இருக்கும் உரயாசு நகரின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். தெருக்களில் மண் குழைந்து சேறு பொங்கியது. 'மூடியாச்சு, கிளம்புங்க' என்று கேட்டைத் திறந்துவிட்டிருந்தால் அத்தனை பேரும் எங்கே போயிருப்பார்கள்? சுமார் 20,000 பேர் அன்றிரவு பூங்காவிலேயே தங்கினார்கள்.

பின்னதிர்வுகளுக்கு நடுவே, விற்பனைக்கு வைத்திருந்த டஃபி கரடி பொம்மைகளை ஊழியர்கள் அள்ளிக் கொடுத்து, தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குளிருக்கு அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் பையும், பசிக்குக் கடையில் இருந்த தின்பண்டங்களும் போயின. அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக வேலை செய்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணும் கடையும், ஒரு தண்ணீர் பாட்டில் கொடுக்க மேலாளரின் போனுக்குக் காத்திருக்கும் ஊழியரும் எங்கே இருந்தாலும் குற்றம் ஊழியர் மீது இல்லை. தேவையானதை எடுத்துக் கொடுக்கும் அதிகாரத்தை முன்கூட்டியே கொடுக்காத, ஒத்திகையும் பார்க்காத நிர்வாகத்தின் மீதுதான்.

அடுத்தது, மழுப்பலான அறிவிப்பு. 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னால் வதந்திதான் ஓடும். என்ன நடந்தது, இப்போது எங்கே நிற்க வேண்டும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று சொன்னால் போதும். அந்த மணிக்குப் புதிதாக எதுவும் இல்லையா? அதையாவது வந்து சொல்ல வேண்டும்.

பாதியில் நின்ற ரைடுகளில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கீழே இருந்து கையாட்டுவது உதவாது. ரோலர் கோஸ்டரின் பிரேக்குகள் மின்சாரம் போனாலும் பிடித்துக்கொள்ளும்படிதான் பொதுவாக அமைக்கப்படுகின்றன. ஆகவே அங்கே அவசரம்தான் ஆபத்து. பயிற்சி பெற்றவர் படியேறிப் போய், 'நான் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்' என்று முகம் பார்த்துப் பேச வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையாகத் தடுப்புக் கம்பியை விடுவித்து, கைபிடித்து நடைபாதைக்கு இறக்க வேண்டும். எல்லாருடைய கம்பியையும் ஒரே நேரத்தில் திறந்தால், பயத்தில் யாராவது தானாகவே இறங்கப் பார்ப்பார்.

காணாமல் போன குழந்தையின் பெயரையும் சட்டை நிறத்தையும் ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது. கேட்கும் யார் வேண்டுமானாலும் 'என் பிள்ளை' என்று வந்து நிற்கலாம். குழந்தை கிடைத்ததும் இரண்டு ஊழியர்கள் அதனுடன் கூடவே இருக்க, அழைத்துப்போக வருபவரிடம் விவரங்களைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே ஒப்படைக்க வேண்டும்.

டிக்கெட் பணத்தைப் பற்றி வாசலில் வாக்குவாதம் வேண்டாம். கூட்டம் அங்கேயே தேங்கிவிடும். திருப்பித் தருவது எப்படி என்று ஒரு சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் வரிசை நகரும். இரவெல்லாம் நிற்கும் ஊழியர்களுக்கும் சாப்பாடு, ஷிப்டு மாற்றம், வீட்டுக்குப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குவதைப் பல திட்டங்கள் மறந்தேபோகின்றன.